ஃபிஜிக்கு ரெண்டு பேர்

பிப்ரவரி 9, ஞாயிறு

பேசி முடிச்சாச்சு. மே மாசம் ஃபிஜி போறோம், நானும் அவரும். மே 22 வந்தா எங்களுக்குக் கல்யாணமாகி இருபது வருஷம். அன்னிக்கு நாங்க ரெண்டு பேரும் கடலோரத்துல ஒரு வில்லாவுல இருக்கணும். சுத்துப்பட்டுல சொந்தக்காரங்க ஒருத்தர் மூஞ்சியும் தெரியக் கூடாது.

இது நானாக் கேட்டது இல்லை. அவரு குடுத்த வாக்கு. போன ஆகஸ்டுல கோயமுத்தூர் டாக்டரம்மா, "இனி ஊசி போட்டு உடம்பைக் கெடுத்துக்காதீங்க"ன்னு ஃபைலை மூடிக் கையில குடுத்தாங்க. திரும்பி வரும்போது கார்ல இவரே சொன்னாரு: "குழந்தை இல்லாட்டிப் போகுது வாணி. உலகத்தோட அந்தக் கோடிக்கு உன்னைக் கூட்டிட்டுப் போறேன்." அந்தக் கோடி எங்க இருக்குதுன்னு நான் மேப்புல தேடிக் கண்டுபிடிச்சு வச்சிருந்தேன். சிங்கப்பூர்ல இறங்கி, வேற ஃப்ளைட் ஏறி, அங்கிருந்து பத்து மணி நேரம்.

ஆறு மாசமா நான்தான் ஞாபகப்படுத்திட்டு இருக்கேன். இன்னிக்குத்தான் "சரி, ஏற்பாடு பண்ணு"ன்னு வாயைத் திறந்தாரு, அதுவும் பேப்பர்ல இருந்து தலையைத் தூக்காம. பரவாயில்லை. இந்த ஒரு பயணமும் நடக்கலைன்னா இந்தக் கல்யாணத்துல எனக்குன்னு மிச்சம் ஒண்ணும் இல்லை. இதை யார்கிட்டயும் சொல்ல முடியாது, இங்க எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரி 12, புதன்

மாடியில இருந்து சுகந்தி இறங்கி வந்தா. என் ஓரகத்தி, அவரோட தம்பி இளவழகன் பொண்டாட்டி. "ஏனுங்க்கா, ஃபிஜி போறீங்களாமா? பசங்களுக்கும் லீவுதானே, நாங்களும் வரோம். கும்பலாப் போனா நல்லாருக்கும்."

கும்பலாப் போறதுக்கு அது என்ன குலதெய்வம் கோயிலா. எங்க ஜவுளிக் கடையில அண்ணனும் தம்பியும் பேசியே முடிவு பண்ணிட்டாங்க, எனக்குத்தான் கடைசியாச் சேதி. சாயந்திரம் அவர்கிட்டக் கேட்டேன். "வந்தா வரட்டுமே, உனக்கும் துணை"ன்னாரு. புருஷன் கூட வரும்போது எனக்கு எதுக்குத் துணை? கேட்டேன். டிவி சத்தத்தைக் கூட்டி வச்சாரு.

பிப்ரவரி 17, திங்கள்

பெருந்துறை ரோட்டுல ஒரு டிராவல்ஸ். பெனாசிர்னு ஒரு பொண்ணு, நல்ல விவரம். நாலு கேள்வியில நான் என்ன நினைக்கிறேன்னு புரிஞ்சுக்கிட்டா. அவ காட்டின ரிசார்ட் ரெண்டு பாதியா இருக்குது. ஒரு பாதி குடும்பங்களுக்கு: சறுக்கு, குட்டிக் குளம், பிள்ளைகளைப் பார்த்துக்க ஆளுங்க. மறு பாதி ஜோடிகளுக்கு மட்டும். பதினாறு வயசுக்குக் கீழ ஒரு பிள்ளையும் அந்தப் பக்கம் கால் வைக்கக் கூடாதாம். நடுவுல தென்னை மரங்களும் ஒரு கேட்டும்.

இருபது வருஷமா வளைகாப்பு, காதுகுத்து, சீர் எல்லாத்துலயும் என்னைத்தான் ஓரமா உக்கார வச்சாங்க. பகுத்தறிவுக் குடும்பம்னு பேரு, ஆனா பொம்பளைங்க பார்வை எங்க வீட்டுலயும் அதே பார்வைதான். பிள்ளைங்க இருக்கிறவங்களை ஒரு ஓரமா ஒதுக்கி வச்சு கேட்டுப் போட்டிருக்கிற இடத்தை நான் இப்பத்தான் முதல்முதலாப் பார்க்கிறேன். எனக்கு அந்தக் கேட்டே போதும்.

ஜோடிகள் பக்கம் எல்லா வில்லாவும் நிரம்பிடுச்சாம். காத்திருப்புப் பட்டியல்ல பேர் எழுதச் சொன்னேன். டிக்கெட்டு ஆறு பேருக்கும் போட்டாச்சு.

பிப்ரவரி 23, ஞாயிறு

கவுந்தப்பாடி சித்தப்பா போயிட்டாரு. எண்பத்தொண்ணு. மாமனாரோட கடைசித் தம்பி. எங்க குடும்பத்துச் சாவுல அய்யரும் கிடையாது, சாங்கியமும் கிடையாது. பொம்பளைங்களும் பாடைக்குத் தோள் குடுப்போம். மாமனார் செத்தப்போ நான்கூடத் தோள் குடுத்தேன், பத்திரிகையில படம் வந்துச்சு.

இன்னிக்கு மூத்த மகன் முறைக்கு இவருதான் முன்னால நிக்கணும். "பூங்குன்றா, வாப்பா"ன்னு ரெண்டு தடவை கூப்பிட்டாங்க. "தோள்பட்டை பிடிச்சிருக்குது"ன்னு பின்னால போயிட்டாரு. சுடுகாட்டுக்கும் உள்ள வரலை, கார்லயே உக்காந்திருந்தாரு. எனக்கு மானம் போச்சு.

பிப்ரவரி 25, செவ்வாய்

காலையில நாலு பெட்ஷீட் பேல் ஒத்தை ஆளாத் தூக்கி வண்டியில போட்டுட்டுச் சத்தியமங்கலத்துல இருக்கிற எங்க இன்னொரு கடைக்குக் கிளம்பிப் போனாரு. தோள்பட்டை நல்லாத்தான் இருக்குது.

மார்ச் 9, ஞாயிறு

ஃபிஜிக்குப் போட வேணும்னு கோயமுத்தூர் போய் நாலு சட்டை எடுத்துட்டு வந்தேன். பூப்போட்டது. போட்டுப் பாருங்கன்னா, "அப்புறம்"ங்கிறாரு.

பதினஞ்சு நாளைக்கு ஒருதடவை சலூனுக்குப் போற மனுஷன். காலர் மேல முடி பட்டாலே தூங்க மாட்டாரு. இப்போ காதை மூடிட்டு நிக்குது, தாடி வேற. கேட்டா, "இப்ப இதான் ஸ்டைல்"னு சொல்றாரு. நாப்பத்தெட்டு வயசுல. பார்க்க வேலை போன வாத்தியார் மாதிரி இருக்குது.

கடைக்குப் பின்னால குடோன் கட்டறதுக்கு அஸ்திவாரம் தோண்டினாங்களே, அதையும் நிறுத்தியாச்சு. கொத்தனார் என்கிட்ட வந்து கேட்டுட்டுப் போறான். இந்த வருஷம் இவருக்கு எதுலயும் மனசு இல்லை.

மார்ச் 15, சனி

சுகந்தியோட சண்டை. குடும்பங்கள் பக்கம் ஒரு பெரிய வில்லா இருக்குதாம், மூணு ரூம், எல்லாரும் ஒண்ணா இருக்கலாமாம். "அக்கா, நீங்க தனியா அந்தப் பக்கம் இருந்து என்ன பண்ணப் போறீங்க?"ன்னு கேட்டா.

தனியா இல்லை, என் புருஷனோடன்னு சொன்னேன். அவ மூஞ்சி ஒருமாதிரி ஆச்சு. என்னைப் பார்த்து இவளுக்குப் பரிதாபமா? ரெண்டு பெத்துட்டா உலகமே தன் மடியில இருக்குதுன்னு நினைப்பு. "உன் பரிதாபத்தை மாடியிலயே வச்சுக்கோ"ன்னு சொல்லி அனுப்பிட்டேன். அவ பொண்ணு மகிழினிக்குன்னு எடுத்து வச்சிருந்த நீச்சல் டிரஸ்ஸையும் கையில குடுத்து அனுப்பினேன்.

மார்ச் 28, வெள்ளி

சத்தி கடையில இருந்து வந்து செருப்பைக் கழட்டும்போதே சொல்றாரு: "ஃபிஜியை ஆகஸ்டுக்குத் தள்ளிப் போடலாமா?"

ஏன்னு கேட்டேன். சீசன்னாரு. கூட்டம்னாரு. அப்புறம் சத்தி கடையில ஆள் சரியில்லைன்னாரு. அங்க இந்துமதி இருக்கா இல்ல, ஆறு வருஷமா அந்தக் கடையை அவதானே நடத்துறா? புருஷனை விட்டு வந்தவன்னு பாவம் பார்த்து நான்தான் வேலைக்குச் சேர்த்துவிட்டேன். நல்ல வேலைக்காரி, ஆனா பயந்தாங்கொள்ளி. தோள்ல பல்லி விழுந்தா லீவு போட்டுட்டுக் காஞ்சிபுரம் கோயில் தங்கப் பல்லியைத் தொட்டுட்டு வரப் போறேன்னு நிப்பா. இவரு அதைச் சொல்லிச் சொல்லி வீட்டுல சிரிப்பாரு.

"கல்யாண நாள் மே மாசம்தான் வருது, அதை ஆகஸ்டுக்குத் தள்ள முடியுமா"ன்னு கேட்டேன். தட்டை நகர்த்தி வச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. போகட்டும். பட்டினி கெடந்தா யாருக்கு நஷ்டம்.

ஏப்ரல் 7, திங்கள்

சாப்பாட்டு விவரம் குடுக்கப் பெனாசிர் ஆபீசுக்குப் போனேன். அவ கம்ப்யூட்டரைப் பார்த்துட்டே, "மேடம், சுகந்தி மேடம் குடும்ப வில்லாவுல ஒரு எக்ஸ்ட்ரா பெட் கேட்டாங்க. போட்டுட்டேன். அது உங்களுக்குத்தானே?"ன்னு கேக்கிறா.

ஒரு பெட். ரெண்டு இல்லை.

"இல்லை, தப்பாக் கேட்டிருப்பா. அதை எடுத்துருங்க"ன்னேன். வீட்டுக்கு வந்து மாடிக்குப் போகலை. போனா என்ன கேக்கிறதுன்னு தெரியலை. ஊறுகாய்க்கு மாங்காய் நறுக்கி வெயில்ல காய வச்சேன், ரெண்டு படி.

ஏப்ரல் 16, புதன்

வில்லா கெடைச்சுடுச்சு. ஜோடிகள் பக்கம், கடலைப் பார்த்த மாதிரி, வாசல்ல இருந்து எட்டு படி இறங்கினாத் தண்ணி.

பெனாசிர் போன்ல சொன்னா: "உங்களுக்கு நல்ல நேரம் மேடம். நாமக்கல் பார்ட்டி ஒண்ணு கேன்சல் பண்ணிட்டாங்க." எதுக்காம்னு கேட்டேன். "அவங்க மாசமா இருக்காங்களாம். அதனால அவரு கடல் தாண்டக் கூடாதாம், கடல்ல குளிக்கவும் கூடாதாம். அந்த நேரத்துல புருஷன் முடி வெட்டக் கூடாது, பாடை தூக்கக் கூடாது, அஸ்திவாரம் போடக் கூடாதுன்னு அவங்க மாமியார் பெரிய லிஸ்டே படிச்சாங்க மேடம். உங்க வீட்டுல எல்லாம் இதைப் பார்க்க மாட்டீங்கல்ல?"

பார்க்க மாட்டோம்னு சொன்னேன். எங்க வீட்டுல எதுவுமே பார்க்க மாட்டோம். எங்க கல்யாணமே ஞாயித்துக்கிழமை சாயந்திரம் அஞ்சு மணிக்கு, ராகுகாலத்தைத் தேடிப் பிடிச்சு வச்சதுதான்.

ஏப்ரல் 17, வியாழன்

அவரு சலூனுக்குப் போய் ரெண்டரை மாசம் ஆகுது.

ஏப்ரல் 18, வெள்ளி

பீரோவைக் காலி பண்ணித் துடைச்சேன். திரைச்சீலை எல்லாம் துவைச்சுப் போட்டேன். வாஷிங் மெஷின் அடியில ரெண்டு ஸ்பூன் கெடந்துச்சு.

ஏப்ரல் 20, ஞாயிறு

மாமனார் நினைவு நாள் கூட்டம். வருஷா வருஷம் மண்டபம் பிடிச்சு, தோழர்களை எல்லாம் கூப்பிட்டு நடத்துறது. இவரு பேச்சு முக்கால் மணி நேரம். இந்த வருஷத் தலைப்பு "பெண்ணும் மூடநம்பிக்கையும்." நான் முன்வரிசை.

நல்லாத்தான் பேசினாரு. சகுனம், தீட்டு, பரிகாரம்னு ஒவ்வொண்ணா எடுத்து வச்சு அடிச்சாரு. கறுப்புச் சட்டை, அது மேல காலரைத் தாண்டித் தொங்குற முடி. பேசும்போது ரெண்டு தடவை கண்ணுல விழுந்துச்சு, ஒதுக்கி ஒதுக்கி விட்டுக்கிட்டாரு. "தோழர் தலைமுடி வளர்த்துப் புரட்சிக்காரராவே மாறிட்டாரு"ன்னு யாரோ சொல்ல, மண்டபமே சிரிச்சுது. அவரும் சிரிச்சாரு. நான் என் கையைப் பார்த்துக்கிட்டே உக்காந்திருந்தேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

பீச்சுக்குத் துண்டு வேணும்னு நானே பஸ் ஏறிச் சத்தி கடைக்குப் போனேன். அவருக்கு இன்னிக்கு ஈரோட்டுல ஜிஎஸ்டி வேலை, வர மாட்டாருன்னு தெரியும்.

கல்லாவுல புதுப் பொண்ணு ஒருத்தி. என்னை யாருன்னு தெரியலை. இந்துமதி எங்கம்மான்னு கேட்டேன். "அக்கா மூணு மாசமா வர்றதில்லீங்க. மாசமா இருக்காங்க. படி ஏறி எறங்கக் கூடாதுன்னு மொதலாளியே வீட்டுல இருக்கச் சொல்லிட்டாருங்க. வாரத்துக்கு ரெண்டு நாள் அவரே பார்த்துட்டு வந்துருவாருங்க."

நல்ல பொண்ணு. தண்ணி குடுத்துச்சு. துண்டு ஆறு எடுத்துட்டு வந்தேன், நீலத்துல நாலு, வெள்ளையில ரெண்டு.

ஏப்ரல் 27, ஞாயிறு

காலையில இட்லி சாப்பிட்டுட்டு இருந்தாரு. சட்னியை ஊத்திக்கிட்டே கேட்டேன்: "எத்தனாவது மாசம்?"

"எது?"

"சத்தியில இருக்கிறது."

நிமிர்ந்து என்னைப் பார்த்தாரு. பொய் சொல்லலாமான்னு கணக்குப் போடுறது அப்படியே மூஞ்சியில தெரிஞ்சுது. அப்புறம், "ஏழு"ன்னாரு.

அழுதேனான்னா, இல்லை. எனக்கு முதல்ல வந்த கேள்வி வேற. "நீங்கதான் இதை எல்லாம் நம்ப மாட்டீங்களே. அப்புறம் இந்த முடி எதுக்கு?"

"எனக்கு நம்பிக்கை இல்லைதான் வாணி. அவ பயப்படுறா. முந்தி ரெண்டு தடவை அவளுக்குக் கலைஞ்சு போயிருக்குது. நான் என்ன பண்ண?"

அவ பயப்படுறா. இந்த ரெண்டு வார்த்தை இருக்குதே, இதை நான் செத்தாலும் மறக்க மாட்டேன். நானும் பயந்தேன். ஊசி போட்ட ஒவ்வொரு மாசமும் பயந்தேன். ராமேஸ்வரத்துல புருஷன் பொண்டாட்டி சேர்ந்து முழுகினாப் பிள்ளை தங்கும்னு எங்கம்மா சொன்னப்போ, இந்த மனுஷன் காலைப் பிடிக்காத குறையாக் கெஞ்சினேன். "உப்புத் தண்ணியில முழுகினாப் பிள்ளை வருமா? அப்போ மீனவங்க வீட்டுல எல்லாம் டஜன் கணக்குல இருக்கணுமே"ன்னு நாலு பேர் முன்னால கிண்டல் பண்ணினாரு. எங்கம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு நான் தனியா முழுகிட்டு வந்தேன். எனக்காக ஒரு முழுக்குப் போடாத ஆளு, அவளுக்காக ஒரு கடலையே தாண்ட மாட்டேங்கிறாரு. பிள்ளை கூடப் பெரிசு இல்லை எனக்கு. என் பயம் அவருக்குச் சிரிப்பு, அவ பயம் அவருக்குச் சட்டம்.

இதை எல்லாம் அவர்கிட்டச் சொன்னேன், ஒண்ணு விடாம. இட்லி ஆறிப் போச்சு.

ஏப்ரல் 29, செவ்வாய்

சொல்லிட்டேன். "நீங்க ஃபிஜிக்கு வந்தே ஆகணும். வாக்குக் குடுத்தது எனக்குத்தான் முதல்ல. வராட்டி, ஏன் வரலைன்னு உங்க தோழர்கள் ஒவ்வொருத்தருக்கும் போன் போட்டுச் சொல்வேன்."

அதுக்கு அவரு சொன்ன பதிலை அப்படியே எழுதுறேன். நாளைக்கு எனக்கே சந்தேகம் வரலாம். "இந்துமதி விஷயத்தை வேணும்னாச் சொல்லிக்கோ வாணி, ஒரு நாள் தெரியத்தான் போகுது. முடி விஷயத்தை மட்டும் சொல்லிடாத."

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அடக்க முடியலை. பாத்திரம் தேய்க்கிற இடத்துல நின்னு சிரிச்சேன். பொம்பளை விஷயம் வெளிய வந்தா ரெண்டு நாள் பேசுவாங்களாம். சாங்கியம் பார்த்தாருன்னு வெளிய வந்தா அவங்கப்பா பேரே போயிடுமாம். எப்பேர்ப்பட்ட மானம்.

"அப்போ வாங்க"ன்னேன்.

மே 2, வெள்ளி

வர்றேன்னுட்டாரு.

மே 6, செவ்வாய்

பரண்ல இருந்து பெட்டி ரெண்டு எடுத்துத் துடைச்சு வச்சேன். வெயிலுக்குத் தடவுற கிரீம், பவளப் பாறையில நடக்க ரப்பர் செருப்பு, புளிக்காய்ச்சல், ரெண்டு வகைப் பொடி. ரிசார்ட்டுல இருந்து ஒரு ஃபாரம் வந்திருக்குது, அதுல டிக் பண்ணணும். படகுல போறது, கண்ணாடி மாட்டிக்கிட்டு மீன் பார்க்கிறது, ஜோடியாக் கடல்ல முழுகுறது. எல்லாத்துலயும் அவரு பேருக்கும் நானே டிக் போட்டேன். பார்த்துட்டு மடிச்சு வச்சுட்டுப் போயிட்டாரு.

ஜெயிச்சுட்டேன்னு தோணுச்சு. அந்த இந்துமதி வயித்தைத் தடவிக்கிட்டு உக்காந்திருப்பா, இவரு அங்க கழுத்தளவு தண்ணியில என் கூட நிப்பாரு. நினைக்க நினைக்க நல்லாத்தான் இருந்துச்சு. நான் நல்லவன்னு இந்த நோட்டுல எங்கயும் எழுதலை.

மே 11, ஞாயிறு

முடி வெட்டிட்டு வந்துட்டாரு.

ஒட்ட வெட்டி, தாடி எடுத்து, பழைய ஆளா வந்து நின்னாரு. கையில ஒரு பை, அதுல நீச்சலுக்கு டவுசர். விசில் வேற. நான் பையை வாங்காம அப்படியே திரும்பிக்கிட்டேன். நான் கேட்டது இதுதானே, ஏன் அப்படிப் பண்ணினேன்னு தெரியலை.

"அவகிட்டச் சொல்லிட்டீங்களா?"ன்னு கேட்டேன்.

"எதுக்குச் சொல்றது? பாம்பேல ஆர்டர் விஷயம், பத்து நாள் ஆகும்னு சொல்லியிருக்கேன். நேர்ல பார்த்தாத்தானே முடி தெரியும்." அப்புறம், "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது வாணி"ன்னு எனக்கு ஆறுதல் வேற சொல்றாரு.

இந்த ஆளு யாருக்காகவும் எதையும் விட்டவரு இல்லை. எனக்குச் சிரிப்பு, அவளுக்குப் பொய். அவ்வளவுதான் வித்தியாசம். அவளுக்கு இன்னும் தெரியாது, அது ஒண்ணுதான் அவளுக்கு மிச்சம்.

மே 14, புதன்

யாருக்கும் சொல்லாமப் பெரிய மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். இருபது வருஷமா இப்படித்தான் போறேன், மார்க்கெட்டுக்குன்னு சொல்லிட்டு. எப்பவும் ஒரே வேண்டுதல்தான், அது ஆத்தாளுக்கே மனப்பாடம்.

இன்னிக்கு என்ன வேண்டுறதுன்னு தெரியலை. நல்லபடியாப் போயிட்டு வரணும்னு சொல்லலாம்னு பார்த்தா வாய் வரலை. ஏன்னா நான் நம்புறவ. அவரு நம்பலை, அவருக்கு இது வெறும் டிக்கெட்டு. எனக்குத் தெரியும், தெரிஞ்சே கூட்டிட்டுப் போறேன். ரெண்டு கலைஞ்சு மூணாவது தங்கியிருக்குது அவளுக்கு. எனக்கு நாலு கலைஞ்சுது. டாக்டரம்மா ஃபைல்ல மூணுன்னுதான் இருக்கும், முதல் தடவை நான் யார்கிட்டயும் சொல்லலை.

திருநீறு வாங்கிட்டு வெளிய வந்து படியில உக்காந்தேன். அவளை நினைச்சா இன்னும் வயிறு எரியுது. அவளை வேலைக்குச் சேர்த்த கையை வெட்டிக்கலாம்னு இருக்குது. அது வேற, இது வேற.

மே 17, சனி

ரெண்டு கார்ல கிளம்பினோம். முன்னால இளவழகன், சுகந்தி, பசங்க. பின்னால நாங்க ரெண்டு பேர். அவிநாசி வரைக்கும் அவரு ஃபிஜியில என்ன சாப்பாடு கெடைக்கும்னு பேசிட்டே வந்தாரு. நான் கைப்பையை மடியில பிடிச்சுக்கிட்டு ரோட்டைப் பார்த்துட்டு வந்தேன்.

ஏர்போர்ட் வாசல்ல பெட்டிகளை இறக்கினாரு. மத்தவங்க உள்ள போயிட்டாங்க. எல்லார் பாஸ்போர்ட்டும் என் கைப்பையிலதான் இருந்துச்சு. அவருதை எடுத்து அவர் கையில குடுத்தேன்.

"நீங்க வீட்டுக்குப் போங்க."

"என்ன விளையாட்டு இது?"

"விளையாட்டு இல்லை. நீங்க வர வேண்டாம். அந்தப் பிள்ளை பொறக்கிற வரைக்கும் கடல் தாண்டாதீங்க."

"நீதானே வரச் சொன்ன?"

"சொன்னேன். இப்ப வேண்டாங்கிறேன். உங்களுக்கு இது வெறும் பயணம், வருவீங்க. எனக்கு அப்படி இல்லை. நாளைக்கு அவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா நீங்க ஆஸ்பத்திரியைக் குறை சொல்லிட்டுத் தூங்கிருவீங்க. நான் என் ஆயுசு முழுக்க என்னைத்தான் சொல்லுவேன்."

பெட்டி மேல கையை வச்சுட்டு நின்னாரு. நான் அவர் வாயைத்தான் பார்த்துட்டு இருந்தேன். மன்னிச்சுக்கன்னு சொல்வாரோ, நீ தனியாப் போவியான்னு கேப்பாரோ. எதைக் கேட்டிருந்தாலும் நான் என்ன ஆகியிருப்பேன்னு எனக்கே தெரியாது. அவரு கேட்டது, "இளவழகன்கிட்ட என்ன காரணம் சொல்லுவ?"

"காரணத்தை நீங்களே போன் போட்டுச் சொல்லிக்கோங்க"ன்னு என் பெட்டியை மட்டும் இழுத்துட்டு உள்ள போனேன். கேட்டுல நின்ன போலீஸ்காரரு எத்தனை பேருன்னு கேட்டாரு. ஒருத்தர்னு சொன்னேன்.

மே 18, ஞாயிறு. சிங்கப்பூர் ஏர்போர்ட்

அடுத்த ஃப்ளைட்டுக்கு இன்னும் ரெண்டு மணி நேரம். சுகந்தி காபி வாங்கிட்டு வந்து பக்கத்துல உக்காந்தா.

"எப்ப இருந்து உனக்குத் தெரியும்?"னு கேட்டேன்.

"தை மாசத்துல இருந்துங்க்கா. பெரியவரு எங்க வீட்டுக்காரர்கிட்டச் சொல்லிட்டாரு. உங்ககிட்டச் சொல்ல எனக்கு வாய் வரலை."

"பெட்டு கேக்க மட்டும் வாய் வந்துச்சா?"

தலையைக் குனிஞ்சுக்கிட்டா. "பெரியவரு எப்படியும் வர மாட்டாரு, நீங்க அங்க தனியாக் கெடந்து அழுவீங்கன்னு நினைச்சேன். இப்பவும் ஒண்ணும் ஆகலை, எங்களோட வந்து தங்கிக்கோங்க."

நல்ல மனசோடதான் சொல்றா, தெரியுது. ஆனா நாலு மாசம் என் வீட்டு மாடியில உக்காந்துக்கிட்டு என்னை வேடிக்கை பார்த்தவளை உடனே கட்டிப் பிடிச்சுக்க எனக்கு வரலை. "வில்லா ரெண்டு பேருக்குப் போட்டது. நான் ஒருத்தியே இருந்துக்கிறேன். அழணும்னாலும் அங்க இடம் நிறைய இருக்குது"ன்னு சொல்லிக் காபியை மட்டும் வாங்கிக்கிட்டேன். அவ பசங்க பக்கம் போயிட்டா.

அப்புறம் போனை எடுத்தேன். கடை குரூப்புல இந்துமதி நம்பர் இருக்குது. மூணு தடவை எழுதி மூணு தடவை அழிச்சேன். மொதல் ரெண்டுல இருந்த வார்த்தைகளை இந்த நோட்டுல எழுத மாட்டேன். கடைசியா அனுப்பினது இது:

"இந்துமதி, நான் கோகிலவாணி. அவரு பாம்பே போகலை. என் கூடக் கடல் தாண்ட இருந்தாரு, கோயமுத்தூர்லயே திருப்பி அனுப்பிட்டேன். ஈரோட்டுலதான் இருக்காரு. முடி வெட்ட வச்சது நான்தான். அதுக்கு என்ன உண்டோ அது என்னைச் சேரட்டும்னு ஃப்ளைட்ல வரும்போதே ஆத்தாகிட்டச் சொல்லிட்டேன், உனக்கும் வயித்துல இருக்கிறதுக்கும் ஒண்ணும் ஆகாது. பயப்படாம இரு. பிள்ளை நல்லபடியாப் பொறக்கட்டும். அதுக்கப்புறம் நான் சத்திக்கு வருவேன். அப்பப் பயந்துக்கோ."

பார்த்துட்டா. ரெண்டு டிக்கும் நீலமாயிருச்சு, எழுதுறான்னு காட்டுச்சு, அப்புறம் நின்னுடுச்சு. எங்க ஃப்ளைட்டுக்குக் கூப்பிடுறாங்க.